ஒன்பதாவது நீலக் குறி

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ், 9-2-1936

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை செசிலியா எழுதிக்கொண்டது. நான் சுகம். உன் சுகத்தையும், அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்பதையும் அறிய ஆவல்.

நான் இங்கே வந்து ஒரு மாதமாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நீ எழுதினால்தான் உண்டு. ஆகவே இதை உன் பிடிவாதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பாட்டு டீச்சராவதற்கு இந்தக் கான்வென்டில் எட்டுப் பேர் படிக்கிறோம். நம்மோடு கோவிலில் பாடும் அம்புரோஸ் அண்ணனின் தங்கை டோரிஸும் பணம் கட்டிச் சேர்ந்து என் வகுப்பில்தான் இருக்கிறாள். பியானோ ஒன்று இருக்கிறது. ஆனால் மதர் பெர்னார்டா அதன் மூடியைப் பூட்டிச் சாவியை இடுப்புக் கயிற்றில் மாட்டிக்கொண்டு திரிகிறார். நாலு மாதத்துக்கு ஒருத்தியும் அதைத் தொடக்கூடாதாம். முதலில் ஸ்கோர் என்கிற பாட்டுத் தாளைக் கண்ணால் படிக்க வேண்டும், வாயை மூடி, விரலை மடக்கி. நேற்று டோரிஸ் மேசையில் விரலால் தட்டினாள். ரூலர் வந்து விழுந்தது.

ஒவ்வொருத்தியும் நான்கு குரல் பாட்டு ஒன்றை எடுத்து, வருஷம் முழுக்க அதையே படித்துக் குறி போட வேண்டும். நவம்பரில் வெளியிலிருந்து பரீட்சகர் வருவார். தாளில் உள்ள ஒவ்வொரு குறிக்கும் காரணம் கேட்பார். சொன்னால்தான் சர்டிபிகேட்.

அப்பா எழுதிய மாதா பாட்டை எடுத்துக்கொள்ளலாமென்று இருக்கிறேன். அந்த நோட்டை அம்புரோஸ் அண்ணனிடம் கொடுத்தனுப்பு. அவர் செவ்வாயும் வெள்ளியும் கிள்ளான் ரயிலில் கார்டாக வருகிறார். நீ காதால் கேட்டு வாசிக்கிறவள். உனக்குக் காகிதம் எதற்கு?

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

செசிலியா

---

கிள்ளான், 23-2-1936

தங்கை செசிலியாவுக்கு சாந்தமேரி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. நான் பகலெல்லாம் ஊராருக்கு ரவிக்கை தைத்துவிட்டுச் சாயங்காலம் கோவிலில் ஆர்மோனியம் மிதிக்கிறேன். மற்றபடி சுகம்.

நோட்டைத் தரமாட்டேன். அப்பா இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவர் கையெழுத்து என்று இந்த வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். எல்லாவற்றையும் நீ கொண்டுபோய்விட்டாய். இதையாவது விட்டு வை.

"எல்லாவற்றையும்" என்றால் என்ன என்று கேட்பாய். சொல்லிவிடுகிறேன். மதர்கள் நம் கோவிலிலிருந்து ஒரு பெண்ணை இலவசமாகப் படிக்க அனுப்பச் சொன்ன அன்று நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "மூத்தவ வாராவாரம் ஒரே எடத்துல நின்னு போறா, மதர். எத்தனை தடவ சொன்னாலும் ஏறல. சின்னவளையே எடுத்துக்குங்க." இரண்டே நிமிஷத்தில் உன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

எனக்குக் காகிதம் எதற்கு என்று கேட்கிறாயே, அதையும் அவரிடமே கற்றுக்கொண்டாய் போலிருக்கிறது.

அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாந்தமேரி

---

பிரிக்பீல்ட்ஸ், 8-3-1936

அக்காவுக்கு, செசிலியா எழுதுவது. அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன். சூடு காட்டித் தேய்க்கவும்.

அப்பா என் பெயரை எழுதியதற்கு நான் என்ன செய்ய முடியும்? நாலே பேர் பாடினோம். நான் முதல் குரல், நீ இரண்டாம் குரல், அம்புரோஸ் அண்ணன் மூன்று, அப்பா நான்கு. ஞாயிறு மாலை ஆசீர்வாதத்தில் கோவிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும், யார் பாடி முடித்தாள், யார் நடுவில் ஊமையானாள் என்று. அதற்கு என் மேல் கோபப்படுவதில் என்ன நியாயம்?

மற்றவர்கள் எல்லோரும் தாள் கொண்டுவந்துவிட்டார்கள். நான் மட்டும் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மதர் ஈஸ்டர் வரைக்கும்தான் தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் தாள் இல்லையென்றால் ஊருக்குப் போகச் சொல்லிவிடுவார்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு. நீ விட்டுவிடுவாய் என்று தெரியும். அதனால் அம்புரோஸ் அண்ணனிடம் வாயாலும் சொல்லியனுப்பியிருக்கிறேன்.

செசிலியா

---

கிள்ளான், 17-3-1936

செசிலியாவுக்கு.

அம்புரோஸ் அண்ணன் வந்தார். காப்பி குடித்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னைப் பார்த்து, "புருசன் போனப்புறம் எனக்கு மிஞ்சினது நீங்க ரெண்டே பேருதான்டி. ஒரு நோட்டுக்காக அடிச்சுக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று அழுதாள். அவள் அழுவாள் என்று தெரிந்துதானே அண்ணனை அனுப்பினாய். கெட்டிக்காரி.

நோட்டு இத்துடன் வருகிறது. டிசம்பர் எட்டாம் தேதி மாதா திருநாளுக்கு முன்னால் அது இந்த வீட்டில் இருக்க வேண்டும். அப்பாவின் எழுத்துக்கு மேல் உன் பென்சில் படக்கூடாது. காப்பி எடுத்து அதில் என்ன வேண்டுமானாலும் கிறுக்கிக்கொள்.

எண்ணெய் வந்தது. அம்மா நல்ல எண்ணெய் என்கிறாள்.

சாந்தமேரி

---

பிரிக்பீல்ட்ஸ், 26-4-1936

அன்புள்ள அக்காவுக்கு, செசிலியா எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். நோட்டு பத்திரமாக வந்தது. அதற்கு நன்றி.

இங்கே படிக்கிற முறையைச் சொன்னால் நீ சிரிப்பாய். முதலில் தாளக் கட்டங்களை எண்ணி நம்பர் போட வேண்டும். அப்பாவின் பாட்டில் அறுபத்து நாலு கட்டம். பிறகு மூச்சு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு நான்கு குரலையும் தனித்தனியாக, ஒவ்வொன்றையும் அதுதான் முக்கியம் என்கிறாற்போலப் பாட வேண்டும். அதற்கப்புறம் மேலிருந்து கீழே படிக்க வேண்டும். அதாவது இந்தக் கட்டத்தில் முதல் குரல் இதைப் பாடும்போது மற்ற மூன்றும் அதற்கு என்ன செய்கின்றன என்று. மதர் சொல்கிறார்: "தன் வரியை மட்டும் படிக்கிறவள் பாடகி. நாலு வரியையும் கீழே வரைக்கும் படிக்கிறவள்தான் டீச்சர்."

கடைசியாக, பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்று முன்கூட்டியே குறி போட வேண்டும். பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே. அதுதான் இங்கே பெரிய வேலை.

எனக்கு அந்த வேலையில் பாதி குறைந்துவிட்டது. உன் வரிக்குக் கீழே நீலப் பென்சிலில் ஒன்பது பெருக்கல் குறிகள் இருக்கின்றன. அப்பா உன் தப்புகளையெல்லாம் குறித்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். ஒன்பதாவதைச் சுற்றி ஒரு வட்டம் வேறு. ஐம்பத்தோராவது கட்டம். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நீ ஞாயிறுதோறும் ஊமையாக நின்ற இடமேதான்.

"இரண்டாம் குரல் தடுமாறும் ஒன்பது இடங்கள்" என்று கட்டுரை எழுதி வகுப்பில் வாசித்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை. டோரிஸுக்கு மட்டும் புரிந்தது.

செசிலியா

---

கிள்ளான், 3-5-1936

செசிலியாவுக்கு.

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு அதில் பாதியைத்தான் வாசித்துக் காட்டினேன்.

அப்பா மைப்பேனாவைத் தவிர வேறெதையும் தொட்டு எழுதினது கிடையாது. வண்ணான் கணக்கைக்கூட மையில்தான் எழுதுவார். இந்த வீட்டில் நீலப் பென்சில் யார் கையில் இருக்கும் என்று மேலிருந்து கீழே படித்துப் பார்.

மழை விடவில்லை. மற்றபடி சுகம்.

சாந்தமேரி

---

பிரிக்பீல்ட்ஸ், 12-7-1936

அக்காவுக்கு, செசிலியா எழுதுவது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து போனதாக அண்ணன் சொன்னார். இப்போது எப்படி இருக்கிறாள்?

இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம் உண்டு. நீலப் பென்சில் உன்னுடையது. துணியில் வெட்டுக் குறி போடுவாயே, அதே பென்சில். உன் கடிதம் வந்த அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் உன் தப்பை நீயே எதற்காகக் குறித்து வைத்தாய் என்று புரியவில்லை. அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரையைப் படித்த மதரும் ஒரு கேள்வி கேட்டார். "இந்த ஒன்பது இடத்திலும் இரண்டாம் குரலுக்கு ஒரு கஷ்டமும் இல்லையே, செசிலியா. கஷ்டம் முதல் குரலுக்கல்லவா இருக்கிறது?"

போன வாரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆறு பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூன்று பேர் என் வரி, மூன்று பேர் உன் வரி. ஒன்பது இடத்திலும் விழுந்தது என் வரிதான். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் எழுந்து போய்க் குழாயடியில் நின்றேன்.

எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. முதல் எட்டு இடத்திலும் நீ உன் வரியை விட்டுவிட்டு என் வரியைப் பாடுவாய். காதுக்குப் பக்கத்தில் உன் குரல் கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டு நான் போய்விடுவேன். அப்பாவுக்கு அது தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. என் குரல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி உன்னுடையது.

இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. யார் உன்னைக் கேட்டார்கள்? நான் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டிருப்பேனே. இப்போது இருபது வயதில், ஆறு குழந்தைகளுக்கு முன்னால் விழ வேண்டியதாயிற்று.

ஒன்றை மட்டும் சொல். ஒன்பதாவது இடத்திலும் நான் விழக்கூடியவள்தான் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. குறி போட்டிருக்கிறாய். ஆனால் அங்கே என்னோடு பாடாமல் வாயை மூடிக்கொண்டாய். ஏன்? வட்டம் எதற்கு?

மதர் என் வேலை நன்றாயிருப்பதாகச் சொன்னார்.

செசிலியா

---

கிள்ளான், 2-8-1936

செசிலியாவுக்கு.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கஞ்சி குடிக்கிறாள்.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் பலமுறை படித்தேன். "மதர் என் வேலை நன்றாயிருப்பதாகச் சொன்னார்." அவ்வளவுதானா? டோரிஸ் போன சனிக்கிழமை இங்கே வந்திருந்தாள். பிள்ளைகள் பாடி முடித்ததும் மதர் உன் கையைப் பிடித்து, "ஒன்பது இடத்தையும் முன்கூட்டிக் கண்டுபிடித்திருக்கிறாயே, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தாளை நான் பார்த்ததில்லை" என்றாராம். நீ தலையைக் குனிந்துகொண்டு, "தேங்க்யூ, மதர்" என்றாயாம். என் குறிகளை உன் காப்பியில் நீலப் பென்சிலாலேயே எழுதிவைத்திருக்கிறாயாம். பென்சில் புதிதாக வாங்கினாயா?

அப்பா என் இடத்தை உனக்குக் கொடுத்தார். அது அவர் இஷ்டம். குறியை நீயாக எடுத்துக்கொண்டாய்.

ஒன்பதாவது எதற்கு என்று பரீட்சகர் கேட்பார் இல்லையா? நீ போட்ட குறிதானே. நீயே சொல்லிக்கொள்.

சாந்தமேரி

---

பிரிக்பீல்ட்ஸ், 18-10-1936

அன்புள்ள அக்காவுக்கு, செசிலியா எழுதிக்கொள்வது. நீயும் அம்மாவும் சுகமா?

ஆகஸ்டிலிருந்து மூன்று கடிதம் எழுதி மூன்றையும் கிழித்துப்போட்டேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். ஒன்றில் டோரிஸை. மூன்றாவதில் அழுதிருந்தேன், அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

நவம்பர் இருபதாம் தேதி பரீட்சை. எட்டுக் குறிக்கும் எனக்குக் காரணம் தெரியும். ஒன்பதாவதை நூறு தடவை படித்துவிட்டேன். நீ எனக்காக வழிவிட்டாய் என்று சில நாள் நினைக்கிறேன். அப்பாவுக்கு என் குரல் தனியாகக் கேட்கட்டும் என்று, அவரிடம் வசவு வாங்கிக்கொண்டும் நீ நின்றிருக்கிறாய் என்று. அப்படி நினைத்தால் உன்மேல் கோபப்பட முடியவில்லை. அதுவே எனக்குக் கோபமாக வருகிறது.

அதுதானா, அக்கா? ஒரு வரி எழுது. "ஆமாம்" என்று ஒரு வார்த்தை போதும். பரீட்சையில் தோற்றால் இங்கே ஒரு வருஷமும் வீண். அம்மா தன் தோட்டை விற்று எனக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள் என்பதை மறந்துவிடாதே.

செசிலியா

---

பிரிக்பீல்ட்ஸ், 22-11-1936

அக்காவுக்கு.

நீ எழுதவில்லை. நானும் இனிமேல் கேட்கப்போவதில்லை.

பரீட்சகர் வயதானவர், சிங்கப்பூரிலிருந்து வந்தார். எட்டுக் குறியையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். தலையாட்டிக்கொண்டே வந்தார். ஐம்பத்தோராவது கட்டத்தில் விரலை வைத்து, "இங்கே பிள்ளை விழும், சரி. வட்டம் போட்டிருக்கிறாய். அப்படியானால் இங்கே டீச்சர் என்ன செய்ய வேண்டும்?" என்றார்.

பொய் ஒன்று தயாராக இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மதர் பெர்னார்டா ஜன்னலோரம் நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புதான் என்னால் தாங்க முடியவில்லை. "இது என் குறி இல்லை, சார். ஒன்பதும் என் அக்காவுடையது. அவள் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. இது எதற்கென்று எனக்குத் தெரியாது" என்றேன்.

மதர் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. சர்டிபிகேட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மே மாதம் வேறு தாள் எழுதிக் காட்டவேண்டும். டோரிஸ் பாஸ். உனக்குச் சந்தோஷமாயிருக்கும்.

பரீட்சகர் போகும்போது என்னைக் கூப்பிட்டு, "உன் அக்கா எங்கே இருக்கிறாள்?" என்று மட்டும் கேட்டார். கிள்ளானில் ரவிக்கை தைக்கிறாள் என்றேன்.

நோட்டை அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். அப்பாவின் எழுத்தில் என் பென்சில் படவில்லை. பார்த்துக்கொள்.

அம்மாவுக்கு என் அன்பு.

செசிலியா

---

சேசு மரி சூசை துணை

கிள்ளான், 13-12-1936

தங்கை செசிலியாவுக்கு சாந்தமேரி எழுதுவது. அம்மா சுகம். எட்டாம் தேதி கோவிலுக்குத் தன் காலாலேயே நடந்து வந்தாள். கூரைக்குத் தகரம் போட்டாயிற்று.

நோட்டு வந்தது. எனக்குச் சந்தோஷமாயிருக்கும் என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் இல்லை.

நான் வழிவிட்டதாக நினைத்தாயே, அந்தக் கடிதத்துக்கு "ஆமாம்" என்று எழுத எத்தனை முறை பேனாவை எடுத்தேன் தெரியுமா? எழுதியிருந்தால் நீ பாஸ், நான் புண்ணியவதி. ஆனால் அது பொய். உண்மையைக் கேட்டுக்கொள்.

மதர்கள் ஒரு பெண்ணைக் கேட்டு வரப்போகிறார்கள் என்று அப்பா அம்மாவிடம் சொன்னது முன்கூட்டியே என் காதில் விழுந்தது. அதுவரைக்கும் ஒன்பது இடத்திலும் உன்னோடு பாடிக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு நினைத்தேன், ஒரே ஒரு இடத்தில் இவளை விட்டுவிடுவோம், இவள் விழட்டும், அப்பா காதால் கேட்கட்டும், அப்புறம் யார் பெயரை எழுதுகிறார் பார்க்கலாம் என்று. இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். வட்டம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வந்ததும் வாயை மூடினேன்.

நீ விழவில்லை. மணி மாதிரி நின்றாய். அப்பா திரும்பி என்னைத்தான் முறைத்தார். "எங்கடி போச்சு தொண்ட?" என்று வீட்டுக்கு வந்து கேட்டார். அடுத்த ஞாயிறும் மூடினேன். நீ விழவில்லை. வெறி பிடித்தாற்போல ஏழு ஞாயிறு மூடினேன். ஏழாவது வாரம் உன் பெயரை எழுதிக் கொடுத்தார். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் சின்னப் பொறாமை என்று மூன்று மந்திரம் மட்டும் சொல்லச் சொல்லி விட்டுவிட்டார். எனக்குத்தான் ஆறவில்லை.

நீ ஏன் விழவில்லை என்பது இத்தனை நாளும் எனக்குப் புரியவே இல்லை. உன் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். போன புதன்கிழமை மெஷினை மூடி வைத்துவிட்டு நோட்டைப் பிரித்தேன். நீ எழுதியிருந்தபடியே உட்கார்ந்தேன், வாயை மூடி, விரலை மடக்கி. என் வரியை விட்டு, நாலையும் மேலிருந்து கீழே படித்தேன். இருபத்து மூன்று வயதில் முதல் தடவையாக.

ஐம்பத்தோராவது கட்டத்தில் முதல் குரல் மேலே ஏறுகிறது. அதே நேரத்தில் இரண்டாம் குரல் கீழே இறங்குகிறது. அந்த இறக்கம்தான் மேலே போகிறவளைப் பிடித்து இழுக்கிறது. உன் வரியைப் பாடிய மூன்று பிள்ளைகளும் அதனால்தான் விழுந்தார்கள். அப்பா எழுதினபடி நான் என் வரியை ஒழுங்காகப் பாடியிருந்தால், நீ ஏழு ஞாயிறும் விழுந்திருப்பாய். உன்னை விழவைக்கத்தான் வாயை மூடினேன். மூடினதால் இழுக்க ஆளில்லாமல் நீ நின்றாய். என் இடத்தை உனக்குக் கொடுத்தது அப்பா இல்லை. நானேதான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். நீ "தேங்க்யூ, மதர்" சொன்னதை இன்னும் மறக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம்.

நோட்டை அம்புரோஸ் அண்ணனிடம் மறுபடி கொடுத்திருக்கிறேன். மே மாதம் வேறு தாள் எதற்கு? இதையே கொண்டுபோய் வை. குறி யாருடையது என்று முதலிலேயே சொல்லிவிடு. பிறகு அவர் அங்கே டீச்சர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் இப்படிச் சொல்: எட்டு இடத்தில் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஐம்பத்தொன்றில் விட்டுவிட வேண்டும்.

விட்டவள் எதற்காக விட்டாள் என்று அவர் கேட்கமாட்டார்.

இப்படிக்கு,
உன் அக்கா சாந்தமேரி